இருட்டில் எழும் ஊரில் பிள்ளைகளின் தூக்கம்

கோலாலம்பூரில் பிள்ளை வளர்ப்பவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த ஊர்க் கடிகாரத்தை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அன்றிலிருந்து இங்கே சூரியன் உதிப்பதும் ஏறக்குறைய ஏழிலிருந்து ஏழரைக்குள், மறைவதும் ஏழிலிருந்து ஏழரைக்குள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க இதில் பெரிய மாற்றம் கிடையாது. பள்ளியோ காலை ஏழரை வாக்கில் மணி அடித்துவிடும். ஆக, பள்ளி போகும் பிள்ளை கும்மிருட்டில் எழுந்து கிளம்ப வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கும் திடலில் பந்து தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும், பையன்கள் வீட்டுக்கு வர மாட்டார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் குழந்தை வளர்ப்பு வீடியோக்களில், “ஏழரைக்கெல்லாம் படுக்க வைத்துவிடுங்கள்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சென்னையில் அந்நேரம் நன்றாக இருட்டியிருக்கும். இங்கே ஏழரைக்கு நான் இன்னும் ஜாலான் கூச்சிங் ஜாமில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு கெப்போங்கில், பிளாட்டில். பெரியவன் செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. சின்னவளுக்கு மூன்று வயது. பள்ளிக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா இருக்கிறார். இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, காரையும் அங்கேயே நிறுத்திவிட்டு, எல்ஆர்டி ரயில் பிடித்து வேலைக்குப் போவேன். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. அத்தை எங்களோடுதான் இருக்கிறார், ஆனால் மூட்டு வலி. இரண்டு பிள்ளைகள் பின்னால் அவரால் ஓட முடியாது.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் வெளியிட்ட பரிந்துரையைத்தான் பெரும்பாலான குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு 10 முதல் 13, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12. என் பிள்ளைகள் காலை ஆறுக்கு எழ வேண்டும். பெரியவனுக்கு ஒன்பது மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டுமென்றால் எட்டரைக்குத் தூங்கியிருக்க வேண்டும். படுத்திருந்தால் போதாது. நாங்கள் வீடு வந்து சேர்வது ஏழே முக்கால். நடுவில் இருக்கும் முக்கால் மணி நேரத்தில் குளியல், சாப்பாடு, வீட்டுப்பாடம், பாட்டியிடம் கொஞ்சல். முடியாது என்பது கணக்குப் போடும்போதே தெரிந்துவிடும். பிள்ளைகள் பத்து, பத்தரைக்குத் தூங்கி, காலையில் சவம் மாதிரி கிடப்பார்கள். உடுப்பைப் படுக்கையிலேயே மாட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

மாற்றத்தைக் காலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னவர் கிளினிக்கில் ஒரு தாதி. ஊசி போட வந்த இடத்தில், வேறு பேச்சுக்கு நடுவே சொன்னார். பிள்ளையை எட்டரைக்குத் தூங்கு என்று யாராலும் கட்டளை போட முடியாது, ஆனால் ஆறு மணிக்கு எழுப்ப முடியும். எழும் நேரம் நிலையாக இருந்தால் தூக்கம் வரும் நேரம் மெல்ல அதன் பின்னால் வந்து சேரும். அதனால் சனி, ஞாயிறும் ஆறேமுக்கால், மிஞ்சிப் போனால் ஏழுக்கு எழுப்பிவிட ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை பிள்ளைகளைத் தூங்கவிட்டு நிம்மதியாகத் தே (டீ) கலக்கிக் குடிக்கும் சுகம் போனது உண்மைதான். ஆனால் அந்தச் சுகத்துக்குத்தான் ஞாயிறு இரவு பதினோரு மணி வரை விலை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எழுப்பினால் மட்டும் போதாது, வெளிச்சம் படவேண்டும். காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறது. வாரநாளில் ஆறுக்கு வெளியே இருட்டு, எனவே வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிடுவோம். செந்தூல் போய்ச் சேரும்போது விடிய ஆரம்பித்திருக்கும். காரிலேயே உட்கார வைக்காமல் பள்ளி வாசல் வரை இரண்டு பேரையும் நடக்க வைக்கிறேன். லீவு நாளில் அவர்கள் அப்பா இருவரையும் கீழே அழைத்துப்போய் ரொட்டி சானாய் வாங்கி வருவார். எப்படியோ, கண்ணில் பகல் விழ வேண்டும்.

அடுத்தது காரில் தூங்குவது. வேலைக்குப் போகும் அம்மாக்கள் இதைப் படித்தாலே சிரிப்பார்கள். செந்தூலிலிருந்து கார் கிளம்பி பத்து நிமிடம் ஆகாது, பின்சீட்டில் பேச்சு நின்றுவிடும். கண்ணாடியில் பார்த்தால் சின்னவளின் தலை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும், வாயோரம் எச்சில், கையில் பாதி கடித்த பிஸ்கட். ஏர்கோன் குளிர், ஜாமில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் ஆட்டம், பெரியவர்களுக்கே கண் சொக்கும். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், அமைதியாகவும் இருக்கும், அதனால் விட்டுவிடத் தோன்றும். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு அரை மணி நேரம் தூங்கிய பிள்ளைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் பிஸ்கட் தின்ற பிள்ளையின் கதைதான். பகல் முழுக்கச் சேர்த்துவைத்த தூக்கக் களைப்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் புது ஆளாகக் குதிக்கும்.

இதற்குச் சில வேலை செய்தேன். அக்காவிடம் சொல்லி, மதியத் தூக்கத்தை ஒரு மணிக்கு வைத்து, இரண்டரை மணிக்கு எழுப்பிவிடச் சொன்னேன். அவருக்கு முதலில் மனம் வரவில்லை. “தூங்குற பிள்ளையை எழுப்பலாமா, பாவம் இல்லையா?” என்றார். அவர் பார்வையில் அந்த நேரம்தான் அவருக்கும் ஓய்வு, அதையும் நான் யோசிக்க வேண்டும். “மூன்று மணியைத் தாண்ட வேண்டாம், அது போதும் அக்கா” என்று பேசி முடித்தோம். காரில் ஏர்கோனைக் குறைத்துவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்பேன். பெரியவனுக்கு ஒரு வேலை: தங்கையோடு மோட்டார் சைக்கிள் எண்ண வேண்டும், சிவப்பு மோட்டார் அவளுக்கு, கறுப்பு இவனுக்கு. கோலாலம்பூரில் மோட்டாருக்கா பஞ்சம்! சண்டை வரும், “அது கறுப்பு இல்லை, நீலம்” என்று. சண்டை போடும் பிள்ளை தூங்காது. அப்படியும் தூங்கிவிட்டால், வீட்டுக் கீழே வந்ததும் எழுப்பி, லிஃப்ட் வரை நடக்க வைப்பேன். தோளில் போட்டுத் தூக்கிப்போய்க் கட்டிலில் கிடத்த மாட்டேன். அன்றைக்குப் படுக்கும் நேரம் அரை மணி தள்ளும், அவ்வளவுதான்.

சாப்பாட்டை அக்கா வீட்டிலேயே ஆறரைக்குக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்ததுதான் உண்மையில் எங்களுக்கு நேரம் மிச்சமான இடம். அதற்கென்று மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்தால் குளியல் மட்டும்தான். வெதுவெதுப்பான தண்ணீர்க் குளியல் தூக்கத்துக்கு நல்லது என்பதற்குக் காரணம் உண்டு. தோலுக்கு ரத்தம் வந்து, உடம்பின் உள்சூடு வெளியேறுகிறது. அந்தச் சூடு இறங்கும்போதுதான் தூக்கம் வருகிறது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது எளிதில் இறங்காது. குளித்த பிறகு ஃபேனும் லேசான பருத்தி உடுப்பும் போதும். ஏர்கோன் போடுபவர்கள் அதைப் பதினெட்டில் வைத்துவிட்டுப் பிள்ளைக்கு இரண்டு போர்வை போர்த்துவதை நான் இன்றுவரை புரிந்துகொண்டதில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். எட்டு மணிக்கு எங்கள் வீடு எப்படி இருக்கும் என்றால், ஹாலில் டியூப் லைட் வெள்ளையாக எரியும், அத்தை சீரியல் பார்ப்பார், சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கும், நான் சமையலறையில் மறுநாளுக்கு வெங்காயம் நறுக்குவேன். இதற்கு நடுவில் இரண்டு பிள்ளைகளை மட்டும் அறைக்குள் அனுப்பி “தூங்கு” என்றால் எந்தப் பிள்ளை தூங்கும்? வெளியே திருவிழா நடக்கிறது, நம்மை மட்டும் ஒதுக்குகிறார்கள் என்றுதான் அதற்குத் தோன்றும். பிள்ளையின் தூக்கப் பழக்கம் என்று பேசுவதில் முக்கால்வாசி பெரியவர்களின் இரவுப் பழக்கம்தான் என்பது என் கருத்து.

வெளிச்சம் முக்கியம். இருட்டும்போது உடம்பில் மெலட்டோனின் சுரக்கிறது, தூக்கம் வருகிறது. பிரகாசமான வெளிச்சம் பட்டால் அது தள்ளிப்போகும். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்மணி அகலம், கண்ணின் வில்லையும் தெளிவு, ஆகவே நம்மைவிட அதிக வெளிச்சம் அவர்கள் கண்ணுக்குள் போகிறது. நமக்கு ஒன்றும் செய்யாத டியூப் லைட் அவர்களைக் கெடுக்கும். எட்டு மணிக்கு ஹாலில் மஞ்சள் விளக்கு மட்டும் என்று ஆக்கினோம். கைபேசியும் அதோடு மேலே அலமாரிக்குப் போகும், என்னுடையதும்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னது, இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது. நான் அந்த ஒரு மணியை அப்படியே கடைப்பிடிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். படுக்கப் போகும் நேரத்தில் கிடையாது, அதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

சீரியல்தான் சிக்கல். அத்தைக்குப் பகல் முழுக்கத் தனிமை, அந்த ஒரு மணி நேரம்தான் அவருடையது. “நிறுத்துங்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொல்வதும் சரியில்லை. கடைசியில் அவர் மகன்தான் ஒரு ஹெட்ஃபோன் வாங்கிவந்து, “அம்மா, போட்டுப் பாருங்க, தியேட்டர் மாதிரி இருக்கும்” என்றார். முதல் நாள் அதைக் கழற்றவே இல்லை. இப்போது நாங்கள் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை என்பது வேறு விஷயம்.

கணவரிடமும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மதிய ஷிஃப்ட் வாரத்தில் சீக்கிரம் கிளம்ப முடிந்த நாட்களில் ஒன்பது மணிக்கு வீடு வருவார். வாசலிலேயே “பாப்பா!” என்று ஒரு சத்தம். அப்போதுதான் கண் மூடியவள் துள்ளி எழுந்து ஓடுவாள், பிறகு தலைக்கு மேல் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் விளையாட்டு. நாள் முழுக்கப் பார்க்காத மகளைப் பார்க்காதே என்றால் எந்த அப்பாவுக்குத்தான் பொறுக்கும்? அதற்குப் பதிலாகக் காலை நேரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டோம். மதிய ஷிஃப்ட் வாரங்களில் எழுப்புவது, பல் தேய்ப்பது, உடுப்பு மாட்டுவது, பால் ஆற்றுவது எல்லாம் அவர். தூக்கிப்போட்டு விளையாடினாலும் பரவாயில்லை, பிள்ளை நன்றாக விழித்துக்கொள்ளும். இதை நான் கேட்காமலே அவர் தொடர்வதால் அவருக்கும் பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

படுக்கை நேரத்து வரிசையில் பெரிதாக ஒன்றுமில்லை. குளியல், கொஞ்சம் பால், பல் தேய்ப்பு, சாமி அறையில் திருநீறு, ஒரு கதை, விளக்கு அணைப்பு. வரிசை மாறாமல் இருப்பதுதான் விஷயம். பாலுக்குப் பிறகு பல் தேய்க்க வேண்டும், பால் புட்டியோடு தூங்கினால் முன்பல் சொத்தையாகிவிடும். இரவில் மைலோ கொடுப்பதை நிறுத்திவிட்டேன், சர்க்கரை போக, கொக்கோவில் கொஞ்சம் காஃபீனும் உண்டு. அத்தை தன் தேயில் பிஸ்கட்டை நனைத்துச் சின்னவளுக்கு ஊட்டுவதைச் சாயங்காலத்துக்குப் பிறகு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கதை தினமும் ஒன்றேதான், காக்காவும் வடையும். எனக்கு அலுத்துவிட்டது, அவளுக்கு அலுக்கவில்லை.

விளக்கை அணைத்த பிறகு ஆரம்பிக்கும் படலம் எல்லா வீட்டிலும் உண்டு. தண்ணி வேண்டும், ஒண்ணுக்கு வருது, போர்வை சரியில்லை, பாட்டிக்கு ஒரு முத்தம் கொடுக்கணும். இதற்கு மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர்கள் பயன்படுத்தும் ஒரு வழியைப் படித்து, எங்கள் வீட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டேன். டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டுகளில் காலாவதியான ஒன்றைப் பெரியவனுக்கும் ஒன்றைச் சின்னவளுக்கும் கொடுத்தேன். படுத்த பிறகு ஒரே ஒரு தடவை எழுந்து வரலாம், வந்தால் கார்டை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் வாசல் திறக்காது. டோல் சாவடியில் பேலன்ஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட அனுபவம் பெரியவனுக்கு உண்டு, உடனே புரிந்துகொண்டான். சின்னவள் முதலில் கார்டை நீட்டிவிட்டு, உடனே திருப்பிக் கேட்டாள். “முடிஞ்சிருச்சு பாப்பா, நாளைக்குத்தான் ரீலோட்” என்றேன். அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன், கார்டைக் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் கார்டைச் செலவு பண்ணாமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். கைவசம் ஒன்று இருக்கிறது என்பதே போதுமாக இருக்கிறது போல. மூன்று வயதுக்குக் கீழ் இது சரிப்படாது, விதி புரியாது.

கைக்குழந்தை இருப்பவர்களுக்கு ஏணையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பிரிங்கில் சேலையைக் கட்டி ஆட்டுவது இங்கே மலாய்க்காரர் வீட்டிலும் உண்டு, நம் வீட்டிலும் உண்டு, இப்போது மோட்டாரே வந்துவிட்டது. சின்னவள் அதில்தான் வளர்ந்தாள். தூக்கத்தில் எல்லோருக்கும் அரைவிழிப்பு வரும், கைக்குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆட்டத்தில் கண் மூடிய குழந்தை, அரைவிழிப்பில் ஆட்டம் இல்லையென்றால் முழுதாக விழித்து அழும். இரவெல்லாம் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். தூங்கும் வரை ஆட்டுவதை, கண் சொக்கும் வரை ஆட்டி நிறுத்துவதாக மாற்றி, பிறகு பகலுக்கு மட்டும் ஏணை, இரவுக்குப் பாய் என்று வந்தோம். பாதுகாப்பு விஷயத்தில் பேச்சே இல்லை. ஒரு வயதுக்குள் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், சமமான, கெட்டியான படுக்கையில், தலையணையும் பொம்மையும் இல்லாமல். துணிக்குள் வளைந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுவழி அடைபடலாம். ஏணையில் இருக்கும்போது ஆள் பார்வை வேண்டும். இதை அத்தையிடம் சொன்னபோது, “நாங்க எல்லாம் வளர்க்கலையா?” என்றுதான் கேட்டார். வளர்த்தார்கள்தான். ஆனால் அப்போது பக்கத்திலேயே எப்போதும் ஓர் ஆள் இருந்தது, இன்று மோட்டார்தான் இருக்கிறது.

பெரியவனுக்கு நான்கு வயதில் இரவு அலறல் இருந்தது. தூங்கி இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து கத்துவான், கண் திறந்திருக்கும், நம்மைத் தெரியாது, தொட்டால் தள்ளுவான். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. கெட்ட கனவு என்றால் பெரும்பாலும் விடியற்காலையில் வரும், பிள்ளை விழித்துக்கொண்டு நம்மைத் தேடும். இது ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி எழுவது. எழுப்ப முயலாமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் தானே அடங்கும். தூக்கம் குறைந்தால், காய்ச்சல் வந்தால் கூடும். அத்தை உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார். நான் படுக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தேன். அலறல் குறைந்தது, பெருமை மிளகாய்க்குப் போனது. போகட்டும்.

வாரத்தில் பெரும்பாலான இரவுகள் பிள்ளை குறட்டை விட்டால், வாயைத் திறந்து மூச்சுவிட்டால், நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால், பழக்கத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மூக்குக்குப் பின்னாலிருக்கும் அடினாய்டு சதையோ டான்சிலோ பெரிதாகியிருக்கலாம். கிளினிக்கில் காட்டுங்கள், கைபேசியில் குறட்டையைப் பதிவு செய்துகொண்டு போங்கள், மருத்துவருக்கு அது உதவும்.

இவ்வளவையும் கலைக்க இந்த ஊரில் வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். தைப்பூசத்துக்கு மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில்தான் புறப்படும், அதைப் பார்க்காமல் பிள்ளைகள் வளர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவுக்கு ஹொக்கியன் சீனக் குடும்பங்கள் வெடிக்கும் பட்டாசில் கெப்போங்கே அதிரும். அன்றைக்குத் தூங்க வைக்கப் போராடாமல் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துவிடுகிறோம். மறுநாள் லீவாக இருந்தால் ஏழு மணிக்கு மேல் விடுவதில்லை. சிணுங்கிக்கொண்டே எழுவார்கள், மதியம் கொஞ்சம் கூடுதலாகத் தூங்குவார்கள், இரவு எட்டுக்கே சாய்ந்துவிடுவார்கள். அதோடு சரியாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன், ஞாயிறு இரவுக் கல்யாண விருந்து. ஏழரை என்று அழைப்பிதழில் போட்டு, ஒன்பதுக்குத்தான் முதல் தட்டே வரும். அடுத்த மாதம் கிள்ளானில் நாத்தனார் மகள் கல்யாணம். காலையில் முகூர்த்தத்துக்கு எல்லோரும் வருகிறோம், ராத்திரி டின்னருக்கு உங்கள் தம்பி மட்டும் வருவார் என்று சொல்லியாகிவிட்டது. நாத்தனாருக்குக் கோபம்தான். அத்தையே போன் போட்டு, “பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு, விடு” என்று சொல்லியிருக்கிறார். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத்தான் பேசியிருப்பார் என்று நம்புகிறேன்.